தெரியாம இருக்குமுங்களா

"தீனதயாளனுங்களா? என்னைத் தெரியுதுங்களா?"

ராசிபுரம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தீனதயாளனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்வழுக்கை, நல்ல சிரிப்பு. யாரென்று தீனதயாளனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

"தெரியாம இருக்குமுங்களா" என்றார்.

தீனதயாளனுக்குக் குமாரபாளையத்தில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம். இருபத்தைந்து வருடங்களாக நாலு மாவட்டத்துக் கடைகளில் ஏறி இறங்கியவர். பார்த்த முகங்களில் பாதிகூட மனதில் நிற்காது. ஒருமுறை துக்க வீட்டில் மனைவி சாரதாமணியின் சொந்தச் சித்தப்பாவைப் பார்த்தே "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். சாரதாமணி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அன்றிலிருந்து அவர் யாரையும் தெரியாது என்று சொன்னதில்லை. 'அப்படியே ஓடுதுங்க', 'எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்க', 'பாக்கலாமுங்க' என்று சில பதில்கள் கைவசம் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பந்தியையே ஓட்டிவிடுவார். நாளாக ஆக, தெரிந்தவர்களுக்கும் அதே பதில்தான். மகள் இலக்கியாவுக்கு இரண்டு வருடங்களாக வந்த வரன்கள் எல்லாம் 'பாக்கலாமுங்க' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார். சாரதாமணிக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டார். சேலத்தில் இலக்கியாவுக்கு ஆடிட்டர் ஆபீஸ் வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். இவ்வளவு தெரிந்தவர் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். தீனதயாளன் நைசாகத் துருவிப் பார்த்தார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, அதே இடந்தான் என்றார் அவர். தொழில் எப்படி என்றதற்கு, அதே தொழில்தான் என்றார்.

பாயசம் வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம பையன் கதிருக்குப் பொண்ணு பாக்கறமுங்க. உங்க இலக்கியாவைக் கேக்கலாமுன்னு ஒரு நெனப்பு."

தீனதயாளனுக்கு நாக்கு தானாகப் புரண்டது. "பாக்கலாமுங்க."

"அப்ப ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு ஊட்டுக்கு வாரோமுங்க" என்று சொல்லி, அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சாரதாமணி, வருகிறவர்கள் யார் என்று கேட்டாள். தீனதயாளன் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

"ஏனுங்க, யாருன்னே தெரியாதவங்களையா பொண்ணு பாக்க வரச் சொன்னீங்க?"

அடுத்த நாலு நாளும் அதே வேலைதான். பழைய கல்யாண ஆல்பங்களை எடுத்துப் புரட்டினார்கள். கடை போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளைச் சட்டைதானே என்றார். இலக்கியா மட்டும், வருகிறவர்கள் வரட்டுமே என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்குப் பூவும் பழமுமாக அவர்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டைக்காரரைக் கூட வந்த பெரியவர் ஒருவர் கைலாசம் என்று கூப்பிட்டதால், பெயராவது கிடைத்தது. மகன் கதிர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தான்; வரிக் கணக்குக்கு மாதாமாதம் சேலம் போய்வருவானாம். அதிகம் பேசவில்லை. சாரதாமணி தரையில் உட்காரப் போனபோது, யாரும் சொல்லாமலே எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டான். தீனதயாளன் அதைக் கவனித்தார். சாரதாமணி கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மகளைக் கூப்பிட்டு அவள் எண்ணத்தைக் கேட்டார்கள். இலக்கியா காப்பித் தட்டைப் பார்த்தபடி, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள்.

எல்லோரும் தீனதயாளனையே பார்த்தார்கள். வழக்கமான பதில் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, வெகு காலத்துக்குப் பிறகு நேராக ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்களுக்குச் சம்மதமுங்க."

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆனால் தீனதயாளனுக்கு மனசு கேட்கவில்லை. மகளைக் கொடுக்கப் போகிற இடத்தில் இப்படி நடிப்பது தப்பு என்று பட்டது. மற்றவர்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது, கைலாசத்தை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு உங்களைத் தெரியும்னு சொன்னது பொய்யிங்க. நாலு நாளா யோசிச்சும் நாம எங்க பழகுனோம்னு ஞாபகமே வரலீங்க. என்னை மன்னிச்சுக்கோணும்."

கைலாசம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"எப்படிங்க ஞாபகம் வரும்? நானே உங்களை அந்த மண்டபத்துலதானுங்க மொதமொதல்ல பாத்தேன். 'எங்கப்பா யாரையும் தெரியாதுன்னு சொல்ல மாட்டாரு மாமா, பாக்கலாம்னு அவர் சொன்ன உடனே கெழமையைச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க'ன்னு, உங்க இலக்கியாதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு."