மூன்றடி அகலத்தில் ஒரு வண்டி

"அகலம் மூணடிதான்ணே. அதுக்கு மேல ஒரு விரல்கூடப் போகக் கூடாது" என்றாள் அம்சவல்லி.

கண்ணுசாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். மெட்ராஸில் ஒரு கார் கம்பெனியில் பத்து வருஷம் வரைபடம் போட்டவர். இப்போது திருக்காட்டுப்பள்ளியில் சொந்தப் பட்டறை.

"மூணடியில வண்டி செஞ்சா கவுந்துடும்மா."

"எங்க தெருவுக்கு வரப்புதான் வழி. நடுவுல வாய்க்கால் வேற. ரெண்டு பனைமரத்தைப் போட்டுத்தான் தாண்டுறோம். அதனால கனமும் கூடாது."

"எத்தனை பேர் உட்காரணும்?"

"ஓட்டுறவரு போக ஒருத்தர்தான். ஆனா ஒன்றரை மூட்டை நெல்லு கனம் இருப்பாரு."

"அடடா! உடம்பு ஊதிப்போச்சா? வாதமா?"

அம்சவல்லி பெருமூச்சு விட்டாள். "அவ்வளவு தூரம் நடக்கவே மாட்டேங்குறாருண்ணே. மூணு வருஷமா தெருவுக்கே இதே கவலைதான்."

கண்ணுசாமிக்கு மனசு இளகிவிட்டது. ஊருக்கு ஊர் கூலித் தகராறு நடக்கிற நேரம். அதற்கு நடுவிலும் ஒரு மனுஷனுக்காகத் தெருவே கூடி வண்டி கேட்கிறதே!

"குலுங்கக் கூடாதுண்ணே. குலுங்கினா பாதி வழியில இறங்கிடுவாரு. வேட்டியில ஒரு பொட்டு சேறு பட்டாலும் போச்சு."

"கோபக்காரரோ?"

"ரொம்ப!"

பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து மூன்று சக்கர வண்டி ஒன்றை அவர் செய்தார். அம்சவல்லியும் தெருப் பெண்களும் பட்டறைக்குப் பின்னால் காவிரிக் கரையோரம் அதே அளவில் ஒரு வரப்பு போட்டு, நடுவில் வாய்க்கால் வெட்டி, அதன்மேல் ரெண்டு பனைமரங்களைக் கிடத்தினார்கள். இருக்கையில் ஒன்றரை மூட்டை நெல். அதன்மேல் விளிம்பு தட்ட நீர் நிரப்பிய குடம்.

முதல் ஓட்டத்திலேயே வண்டி சாய்ந்தது. குடம் காலி.

சாயாமலிருக்க இருக்கையைத் தாழ்த்தினார். மூட்டைமேல் சேறு தெறித்தது. சேற்றைத் தடுக்கத் தகரம் அடித்தார். கனம் கூடிப் பனைமரம் முனகியது. கனத்தைக் குறைக்கச் சின்னச் சக்கரம் போட்டார். வண்டி எலும்பு நோகக் குலுங்கியது.

"ஒன்னைச் சரி பண்ணினா இன்னொன்னு கெடுதேண்ணே!"

"அதாம்மா வண்டி வேலை. எல்லாத்துக்கும் ஒத்துவர்ற ஒரு அளவு எங்கயோ ஒளிஞ்சிருக்கும். விடாம தேடணும்."

அதன்பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு அளவை, அரை அங்குலம் மட்டும் மாற்றினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிந்திய நீரை ஆழாக்கால் அளந்து, தகரக் கதவில் சாக்பீஸால் எழுதினார். பலம் வேண்டாத இடம் பார்த்து இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டார். கனம் குறைந்ததும் பழைய பெரிய சக்கரத்தையே திரும்ப மாட்டினார். இன்ஜினை இருக்கைக்கு அடியில் கொண்டுவந்தார். இருக்கை உயர்ந்தும் வண்டி சாயவில்லை.

பதினோராவது ஓட்டம். வண்டி வரப்பில் ஊர்ந்து, பனைமரம் ஏறி இறங்கி வந்து நின்றது. குடத்திலிருந்து சிந்தியது ஒரு கை நீர்தான். மூட்டைமேல் ஒரு பொட்டு சேறு இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

"எழுதி வச்சுக்க, மெட்ராஸ்லகூட இப்படி ஒரு வண்டி கிடையாது!" கண்ணுசாமி கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். "நோயாளி எங்க இருக்காரு, காட்டு. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நோயாளியா? அவரு கல்லு மாதிரி இருக்காருண்ணே!" அம்சவல்லி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "எங்க மிராசுதாருதான். 'உங்க தெருவுக்கே வந்து உட்கார்ந்து கூலி பேசறேன், ஆனா வண்டி வர வழியில்லையே'ன்னு மூணு வருஷமா அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டிருக்காரு. வாங்க, போய் ஏத்திட்டு வருவோம்!"