சுவரில் இல்லாத படம்

ஆமியில் இருபது வருஷம் இருந்த மனுஷனிடம் உடுப்போடு ஒரு படம்கூட இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பஸ்லினா நம்பவில்லை.

வாப்பா முனாபின் ஆமிக் காலத்தை அவள் ஓர் ஒட்டுப் புத்தகமாகச் செய்துகொண்டிருந்தாள். ராணுவப் பதக்கத்து நாடா, முகாம் கூட்டாளிகள் அனுப்பிய வாழ்த்து மடல், பழைய பஸ் டிக்கெட் எல்லாம் ஒட்டியாயிற்று. முதல் பக்கம் மட்டும் வெறுமை. பெருநாளைக்குக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு மச்சான்மார் வருவார்கள். "மாமா பாதியில ஓடி வந்தவர்தானே?" என்று வருஷா வருஷம் சிரிக்கிறவர்கள். இந்தத் தடவை அவர்கள் வாயை அடைத்தே தீர வேண்டும்.

"வாப்பா, உடுப்போட எடுத்த படம் ஒண்டு தாங்களேன்."

"படம் மாட்டின வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க மகள்."

சொன்னவரின் தலைக்கு மேலே மூத்த ராத்தாவின் கல்யாணப் படம் சுவரை அடைத்துக்கொண்டு சிரித்தது. அதை மட்டும் வானவர்கள் கண்டுகொள்வதில்லைபோல.

ஒருவேளை மச்சான்மார் சொல்வதுதான் உண்மையோ? அதற்குமேல் பஸ்லினாவுக்கு வேலை ஓடவில்லை. குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த உம்மாவைப் பிடித்தாள்.

"வாப்பா ஆமிய விட்டு ஓடி வந்தவரா உம்மா?"

"என்ன கதை இது? முழுசா இருந்து பென்ஷனோட வந்த மனுஷன்." உம்மா ஹபீலா உள்ளே போய், மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தாள். "இது ஹோல்லதான் தொங்கினது. றஞ்சனா டீச்சர் மேல்மாடிக்குக் குடிவந்த அண்டைக்கு வாப்பாவே கழட்டினாரு."

"ஏன்?"

"டீச்சர்ட தம்பி யாழ்ப்பாணத்துல ஆமியோட நடந்த சண்டையில மௌத்தானவர். அவங்க எந்த நாளும் கீழ வந்து போறவங்க. இந்த உடுப்பக் கண்டா மனசு என்ன பாடுபடும்? அவங்களுக்குக் காட்டாம ஒட்டு."

பஸ்லினாவுக்கு வாப்பாவைச் சந்தேகப்பட்டது வெட்கமாக இருந்தது. படத்தில் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே, அவித்த கடலைக் கிண்ணத்தோடு டீச்சர் வந்து நின்றார். அவள் சட்டென்று கையால் படத்தை மூடினாள். வாசலில் நின்ற வாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கையை எடுங்கோ பிள்ளை."

எடுத்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"வடிவான படம். ஏன் மறைக்கிறியள்? அண்ணை ஆமியில இருந்தவர் எண்டு வீடு காட்டின புரோக்கரே பெருமையாச் சொன்னவர்."

"அது வந்து டீச்சர்... உங்கட தம்பி..." வாப்பா இழுத்தார்.

டீச்சர் கடலைக் கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"அவன் இயக்கத்து உடுப்போட நிக்கிற படம் ஒண்டுதான் என்னட்டை இருக்கு. தண்ணி டாங்கி பாக்க நீங்கள் மேலை வாறனீங்கள், கண்டால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு, அதை நான் அலுமாரிக்குள்ளை வச்சுத்தான் கும்பிடுறன் அண்ணை."