பானையில் உப்பு

“குடிக்கிற பானையில உப்பைக் கொட்டினவளை என்னா பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க!”

சாலம்மாள் குடிசை வாசலில் நின்று சகாயநாதன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

கோபம் இருக்காதா பின்னே? மரக்காணத்துப் பூங்காவுக்கு வந்து போகிறவர்களுக்குத் தண்ணீர், டீ, பலகாரம் எல்லாம் அதுவரைக்கும் பஞ்சாயத்தே கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த எழுபத்து நாலாம் வருஷம், ‘இனிமேல் தனியார் பார்க்கட்டும்’ என்று ஏலம் விட்டார்கள். பெண்டாட்டி சங்கிலியை விற்று சகாயநாதன் எடுத்தான்.

எடுத்ததே பூங்காத் தண்ணீரை நம்பித்தான். சுற்றிலும் உப்பளம், நடுவில் இளநீர் மாதிரி ஒரு தண்ணீர்! பாண்டிச்சேரி போகிற கார்க்காரன்கூட நிறுத்திக் குடித்துவிட்டுப் போவான்.

வந்த கையோடு, பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாலம்மாளை நிறுத்தினான்.

“கெணறு இருக்குது, கயிறு இருக்குது, எனக்குக் கை இருக்குது. நீ எதுக்கு?”

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணுங்க...”

“கெஞ்சினா ஆவாது. கெளம்பு.”

சாயங்காலம் அவனே இறைத்து ரெண்டு பானையையும் நிரப்பி வைத்தான். விடிந்து பார்த்தால் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. பால் திரிந்து போனது.

திண்டிவனத்துக்காரர் ஒருத்தர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “ஏம்பா, கடலைப் பாக்கலாம்னு வந்தா, கடலையே காய்ச்சிக் குடுக்கறியே!”

கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். ‘இது ஒரு ஊரு’ என்று முனகியது சகாயநாதன் காதில் விழுந்தது.

அதுதான் நேராக இங்கே வந்துவிட்டான்.

“வேலை போன வயித்தெரிச்சல்ல, ஆளில்லாத நேரம் பாத்துக் கொட்டியிருக்கா! வர்றவங்கல்லாம் துப்பிட்டுப் போறாங்க! இந்த ஊர்ல உப்புக்கா பஞ்சம்?”

சாலம்மாள் வெளியே வந்தாள். ஐம்பது வயசு, உப்பளத்தில் வெந்த கறுத்த கால்கள்.

“ஜனம் துப்பிட்டா போறாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“கேக்கறா பாரு சந்தோஷமா! நாளைக்கும் கரிச்சுதுன்னா உன்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன். மாதா மேல சத்தியம்!”

“நாளைக்குக் கரிக்காதுங்க.”

“பாத்தீங்களா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!”

ஜனம் தூவென்று துப்பாத குறைதான். பக்கத்துக் குடிசை ஆராயி மட்டும் ஏதோ சொல்ல வந்தாள். சாலம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பானைத் தண்ணீர் பழையபடி இனித்தது.

“எப்படிங்க?” என்றாள் பெண்டாட்டி ஜோசப்பின்.

“ஒரு அதட்டுதான். அடங்கிட்டா!” என்று மீசையைத் தடவிக்கொண்டான் சகாயநாதன்.

பத்து நாள் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. பதினோராம் நாள் திரும்பவும் கரித்தது.

இந்தத் தடவை வாய்ச்சண்டை கிடையாது. ஏட்டைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

குடிசைக்குள் சாலம்மாள் பாயில் கிடந்தாள். வலது கால் பூசணிக்காயாக வீங்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

“நடிக்கறா ஏட்டய்யா!”

ஆராயிக்குப் பொறுக்கவில்லை. “நாக்கு அழுகிடும்யா உனக்கு! விடிகாலையில சவுக்குத்தோப்புல குடத்தோட விழுந்து எலும்பு முறிஞ்சு கெடக்கறா.”

“அங்க என்னா வேலை இவளுக்கு?”

“உன் பானைக்குத் தண்ணி எடுக்கற வேலை! தோப்பு மணல்லதான் நல்ல ஊத்து இருக்குது. போக ஒரு மைலு, வர ஒரு மைலு. நீ கடை தொறக்கறதுக்குள்ள நாலு நடை நடந்து, நீ ஊத்தி வெச்சத வெளிய கொட்டிட்டு நல்ல தண்ணிய நெரப்பி வெச்சிட்டு வருவா.”

“நான் ஊத்தினதை எதுக்குக் கொட்டணும்? கெணத்துத் தண்ணிக்கு என்னா கேடு?”

“அந்தக் கெணறு உப்பாகி மூணு வருசம் ஆவுதுய்யா! மூணு வருசமா பூங்காவுக்கு வந்த ஜனம் குடிச்சது இவ தலையில வந்த தண்ணி!”

சகாயநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“எங்கிட்ட... ஒரு வார்த்தை சொல்லலியே சாலம்மா?”

சாலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்து, ஆராயியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“மெதுவா பேசுடி, வெளிய ஆளுங்க நிக்கறாங்க. கெணறு உப்புன்னு தெரிஞ்சுதுன்னா நாளைக்கு ஐயா கடைக்கு எவன்டி வருவான்?”