சமர்ப்பணப் பக்கம்

"இந்தக் கவிதைகள்ல வர்ற 'நீ' யாருன்னு நான் கேட்கவே வேண்டாமே!" என்று சிரித்தார் தேயர்.

ருஹாமா தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த அந்தப் பதிப்பாளர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், இந்தத் துக்கக் கறுப்பு உடைக்கு ஆறு வாரம்கூட ஆகவில்லை.

அவள் கணவன் அமாசா அந்தத் துறைமுக ஊரின் பள்ளிக்கூட வாத்தியார். சாவதற்குமுன் நாலைந்து கவிதைகளைத் தேயருக்கு அனுப்பியிருந்தான். மீதியைத் தேடித்தான் அவர் வந்திருந்தார்.

தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"ஊர் பேசிக்கொண்டிருந்தது, நாம் பேசவில்லை. உன் சொரசொரத்த கை என் கைமேல் இருந்தது. அதற்குமேல் நான் எதுவும் கேட்டதில்லை."

ருஹாமா தன் மென்மையான விரல்களைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சமையலறையில் விறகு சடசடவென்று சரிந்து விழுந்தது.

"யாரது?"

"எல்னாத்தன். படகுத் தச்சர், அவரோட சிநேகிதர். விறகு கொண்டுவந்து போட்டுட்டுப் போவார்."

அமாசாவின் சவப்பெட்டியைச் செய்தவனும் அவன்தான். ஆணி அடிக்கும்போதுகூடக் கண் கலங்கவில்லை, கல் நெஞ்சுக்காரன் என்று தேவாலய வாசலிலேயே பேசிக்கொண்டார்கள்.

"முதல் பக்கத்துல 'என் மனைவிக்கு'ன்னு போட்டுடலாமா?"

"வேண்டாம். 'உனக்கு'ன்னு மட்டும் போடுங்க."

"என்ன அடக்கம் உங்களுக்கு! கொடுத்து வெச்சவர் உங்க வீட்டுக்காரர்."

அவள் படியெடுத்து வைத்திருந்த தாள்களை வாங்கிக்கொண்டு தேயர் வண்டி ஏறினார். ருஹாமா கதவை அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். பத்தொன்பது வருஷம் அமாசாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் அவள். உள்ளே போய், அமாசா தன் கையால் எழுதிய கவிதைத் தாள்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

எல்னாத்தன் சரிந்த விறகுகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தான். ஒரு கட்டையைக்கூட அவன் அடுக்கியிருக்கவில்லை.

"பிடிங்க" என்று நீட்டினாள். "மூணு தடவை படிச்சுட்டேன். இதுல ஒரு வரிகூட எனக்கு இல்லை."

அவன் முகம் வெளிறியது. "அம்மா, நான் வந்து..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாள்களை அவன் மடியில் வைத்தாள்.

"இனிமேலாவது அழுங்க, எல்னாத்தன். ஊர் என்னை மட்டும்தான் விதவைன்னு சொல்லுது."