பங்காருப்பேட்டை வரைக்கும்

“பங்காருப்பேட்டை வரைக்கும் பேட்டரி தாங்கினா பதினாலாயிரம். நடுவுல படுத்துச்சுன்னா பேச்சே வேறண்ணா,” என்றாள் பிரிசில்லா.

“சரிம்மா,” என்றார் ராஜேந்திரன்.

பெங்களூரு ஸ்டேஷனிலிருந்து சாயங்கால வண்டி நகர்ந்தது. தினமும் கே.ஜி.எஃப். திரும்புகிற அதே கூட்டம், அதே பெட்டி. ராஜேந்திரனும் மூன்று வருஷமாக எதிர் சீட்டில் வருகிற மனுஷர்தான். ஆபீஸில் புதுசு கொடுத்துவிட்டார்கள் என்று சொந்த லேப்டாப்பை விற்கிறார்.

இருக்கட்டுமே. பழைய லேப்டாப் விஷயத்தில் கூடப்பிறந்தவனையே நம்பக் கூடாது. போன மாசம் ஒரு கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்தது, ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் மண்டையைப் போட்டுவிட்டது. திருப்பி வாங்கவும் மாட்டேன் என்றுவிட்டான். பட்டவளுக்குத்தானே வலி தெரியும்.

கடைசி இரண்டு மணி நேர வேலையை ரயிலில் உட்கார்ந்து முடித்தால், திங்கட்கிழமையிலிருந்து நாலு மணி வண்டிக்கே கிளம்பலாம் என்று ஆபீஸில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வண்டியில் பிளக் பாயிண்ட்டெல்லாம் கிடையாது. பேட்டரி தாங்கினால்தான் சீக்கிரம் வீடு. ஐந்து வயசுப் பையன், ஸ்கூல் விட்டு வந்து எட்டரை மணி வரைக்கும் பக்கத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நூறு சதவீதம் என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டாள். போன்லேர்ந்து நெட் வேணும் என்று லேப்டாப்பில் ஒரு ஒயரைச் சொருகி, மறுமுனையைக் கைப்பைக்குள் விட்டாள்.

கிருஷ்ணராஜபுரத்தில் எழுபத்தாறு. ஒயிட்ஃபீல்டில் அறுபது.

“என்ன சார், மளமளன்னு இறங்குது?” என்றார் பக்கத்து சீட்டு ஓஸ்வால்ட். ஊர் வம்பு என்றால் அவருக்கு டிபன் சாப்பிடுகிற மாதிரி.

ராஜேந்திரன் திரையைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார்.

மாலூர் வரும்போது பையன் கூப்பிட்டான். பிரிசில்லா போனைக் காதில் வைத்து, இன்னும் கொஞ்ச நேரம்டா கண்ணு, திங்கட்கிழமையிலிருந்து அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வந்துடுவேன் என்று சமாதானம் சொன்னாள். ராஜேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பது.

டேக்கல் தாண்டி, சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. ஒன்பது, ஆறு, நாலு. பெட்டியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, திரை கறுத்துப்போனது.

ஓஸ்வால்ட் பிடித்துக்கொண்டார். கூட வர்ற பொண்ணையே ஏமாத்தப் பார்த்தீங்களே, வெக்கமா இல்லையா, நாளைக்கு யாரு உங்களை நம்புவாங்க என்று பங்காருப்பேட்டை வருகிற வரைக்கும் விடவில்லை. நாலு பேர் ஒத்து ஊதினார்கள். ராஜேந்திரன் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“பதினொண்ணுதான் தர முடியும்ணா. பேட்டரி மாத்தவே மூவாயிரம் ஆயிடும்,” என்றாள் பிரிசில்லா.

“குடும்மா,” என்றார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உரிகம் ஸ்டேஷனில் இருவரும் இறங்கினார்கள். பிரிசில்லா திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். பின்னாலிருந்து ராஜேந்திரன் கூப்பிட்டார். சார்ஜரை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சார்ஜரை அவள் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“வேலை பார்க்கறப்ப, பைக்குள்ள இருக்கற அந்தப் பவர் பேங்கை மட்டும் இதுல மாட்டாதம்மா, சார்ஜையெல்லாம் அது உறிஞ்சிடுது. பங்காருப்பேட்டை என்ன, கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பம் வரைக்கும் தாங்கும்.”

பிரிசில்லா கைப்பையை இழுத்து மூடினாள். “அண்ணா… உங்களுக்கு எப்படி…”

“பையன்கிட்ட பேசறப்ப போன் உன் காதுல இருந்துச்சு. ஒயர் பைக்குள்ளயேதான் இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா. அத்தனை பேர் முன்னாடி உங்களை…”

“சொல்லியிருந்தா, திங்கட்கிழமை காலைல அதே ஜனங்க மூஞ்சில நீ எப்படிம்மா முழிப்பே? போ, பையன் காத்துக்கிட்டிருப்பான்.”