ஜீப்பில் வந்த முட்டைகள்

அவள் கண் விழித்தபோது ஜீப்புக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது.

புல், பாறை, தூரத்துச் சோலையின் ஓரம். ஒன்று பாக்கியில்லை.

ஐயோ, என்றுதான் முதலில் தோன்றியது. வெள்ளை என்றாலே அவளுக்கு ஆகாது. செத்த மீன்முட்டை வெள்ளையாகத்தான் போகும்.

போன தையில் அப்படித்தான் ஆனது. டிரவுட் மீன் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில்தான் பிழைக்கும். அதன் முட்டைகளைப் பண்ணையில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, காட்டு வழியே ஜீப்பில் கொண்டுவந்தார்கள். பாதி வழியில் ஐஸ் தீர்ந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் அத்தனையும் வேகாத ஜவ்வரிசி மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"இன்னொருவாட்டி இப்பிடி ஆச்சு, குட்டைய மூடிட்டுக் கேரட்டு போட்ருவேன்" என்றான் அவள் புருஷன் குழந்தைவேலு. சும்மா சொல்கிற ஆளில்லை. விதைக்கும் சொல்லிவைத்துவிட்டான்.

அந்த மீன்குட்டை அவள் வெட்டியது. ஓடையிலிருந்து அதற்கு வாய்க்கால் இழுத்ததும் அவள்தான். மண் போட்டு மூட ஒரு நாள் போதும்.

இந்த வருஷம் முட்டையை எதில் கொண்டுவருவது என்று ஒரு மாதச் சண்டை.

வண்டி பேட்டரியில் ஓடுகிற குட்டி ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்து நடுவீட்டில் வைத்தான். உள்ளே எவ்வளவு குளிர் என்று மூடியில் பச்சை எழுத்தில் தெரியும். அதற்கு மாலை போடாத குறைதான்.

அவள் ஐஸ்தான் என்றாள். மேல்தட்டில் ஐஸ் கரைந்து, கீழே முட்டைமேல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அந்த ஈரத்தில்தான் அதற்கு மூச்சு.

ஃப்ரிட்ஜ் ஜெயித்தது. ஆனாலும் தெர்மாகோல் பெட்டியை அவள் பின்சீட்டில் ஏற்றினாள். சோறு வைக்க ஆகும் என்று சிரித்தான்.

ஃப்ரிட்ஜைக் குறைசொல்லக் கூடாது. இந்த மலையில் இறக்கம் வந்தால் எவனும் இன்ஜினை ஓடவிட மாட்டான். சாவியை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவான், டீசல் மிச்சம் பிடிக்க. நேற்றுச் சாயங்காலம் முட்டையோடு பண்ணையிலிருந்து திரும்புகையில் குழந்தைவேலுவும் சீட்டியடித்துக்கொண்டே அந்த நீள இறக்கம் முழுக்க உருட்டிக்கொண்டு வந்தான். இன்ஜின் தூங்கியது. ஃப்ரிட்ஜ் மட்டும் விழித்திருந்து, பழைய பேட்டரியை உறிஞ்சிக் குடித்தது.

அவளுக்கும் உறைக்கவில்லை. அதுதான் கொடுமை.

இந்தப் பள்ளத்துக்கு வந்து சாவியைத் திருப்பினால் டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பச்சை எழுத்தும் அணைந்தது.

தள்ளி ஸ்டார்ட் செய்ய வழியில்லை, நாலு பக்கமும் மேடு. நடக்கவும் வழியில்லை, இருட்டினால் காட்டுமாடு இறங்குகிற இடம். ஜீப்புக்குள்ளேயே முடங்கினார்கள். ஃப்ரிட்ஜின் மூடியைத் திறக்க அவன் விடவில்லை.

இப்போது மேட்டின் உச்சியில் வெயில்.

அவள் இறங்கினாள்.

கால் வைத்த இடத்தில் புல் நொறுங்கியது.

உறைபனி. ஒவ்வொரு புல்லிலும் தனித்தனியாகப் பூத்திருந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற பனிதான். பயிர் கருகுமே என்று திட்டிக்கொண்டே பார்த்த பனி. இன்றைக்குத்தான் கண்ணால் காண்பதுபோலப் பார்த்தாள்.

உள்ளே இருந்த கொஞ்சக் குளிர் போய்விடுமே என்று கண் அசரும்வரை அவள் பயந்துகொண்டிருந்தாள். வெளியே ஒரு மலையே உறைந்து கிடந்திருக்கிறது. யாரும் கேட்காமலே.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

ஃப்ரிட்ஜின் மூடியைத் தூக்கினாள். ஈரத்துணியை விலக்கினாள்.

வெள்ளை இல்லை.

மூலையில் ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கருப்புப் புள்ளி.

கண்கள்.

ஒரு முட்டைக்குள் ஏதோ சட்டென்று புரண்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஏங்க. இங்க வாங்களேன்."

எழவு வீட்டுக்குப் போகிறவன் நடையில் வந்தான். குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

காலை வெயில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் இரண்டு மேடு தாண்டி. ஃப்ரிட்ஜோ இரும்புக் கனம். அவள் தெர்மாகோல் பெட்டியிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள். முட்டைகளைத் துணியோடு பெட்டிக்குள் இறக்கினாள். ஐஸ் போட வேண்டிய மேல்தட்டில், பனியோடு புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அடைத்தாள். விரல் மரத்துப் போனது.

பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவளைவிட வேகமாக.

பெட்டிக்குள் முதல் சொட்டு விழும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் இருந்து அடுத்ததையும் கேட்டார்கள்.

கட்டக் கயிறு இல்லை. காதை மூடியிருந்த மஃப்ளரை அவிழ்த்து, மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேடேறினார்கள். வெயிலை முந்திவிட வேண்டுமென்று அவள் நடையை எட்டிப் போட்டாள்.

அவன் நின்றான். பெட்டியை ஒரு தடவை பார்த்தான்.

"மெல்ல நட புள்ள" என்றான், தூங்குகிற வீட்டில் பேசுகிற குரலில். "பாத்துக்கிட்டே வருதுக."