அரட்டை டாக்டர்

"நெஞ்சுக்கு ஒரு டாக்டர் வர்றார், வயித்துக்கு ஒரு டாக்டர் வர்றார். நீங்க எதுக்கு டாக்டர்?"

மருமகள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தக் கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு," என்று சிரித்தார் வார்டு டாக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சளிக்காய்ச்சல் என்று மாமனாரைச் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் மனிதர் பாலைத் தவிர எதையும் தொடவில்லை. யார் எதிரிலும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. வீட்டார் என்ன கேட்டாலும் வெறும் தலையாட்டல்.

நெஞ்சு டாக்டர் வந்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், போனார். வயிற்று டாக்டர் வந்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், போனார்.

போகாதவர் இந்த வார்டு டாக்டர் ஒருத்தர்தான். உள்ளே சேர்ந்த நோயாளிகளைக் கூடவே இருந்து கவனிப்பது அவர் பொறுப்பாம். அவள் பார்த்த வரையில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமனார் அந்தக் காலத்தில் ஓட்டிய லாரியைப் பற்றிக் குசுகுசுவென்று கதை கேட்பதுதான் அவர் வேலை.

'அரட்டை டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவரே அவளைத் தேடி வந்தார்.

"ஸ்கேன் வேண்டாம்மா. வயித்து டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். ஐயாவுக்கு வயிறு ஜோரா இருக்கு. பல் செட்தான் இல்லை. மெல்ல முடியலை, சொல்லக் கூச்சம்."

"இல்லையா? எங்கே போச்சு?"

டாக்டர் தலையைச் சொறிந்தார்.

"தொண்டையைப் பார்க்க நான்தான் கழற்றச் சொன்னேன். எங்கேயோ வெச்சுத் தொலைச்சுட்டேன். புதுசுக்கு அளவெடுக்கப் பல் டாக்டர் வர்றார்."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

"வாய் ஓயாம பேசினா கை எப்படி வேலை செய்யும்? இன்னிக்குப் பல்லு, நாளைக்கு ஆளையே தொலைச்சுட்டு வந்து தலையைச் சொறிவீங்களா?"

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

மொத்தமும் வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார் டாக்டர்.

அவளுக்கு ஆறவில்லை. "விட மாட்டேன் மாமா. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி இவர் வேலைக்கு உலை வைக்கிறேன் பாருங்க!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவளின் கையை மாமனார் எட்டிப் பிடித்தார். முதல்முறையாக அவள் எதிரில் மாஸ்க்கை இறக்கினார். பாதி காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"போகாதேம்மா. அவர் தொலைக்கலை. காகிதத்துல சுத்தி மேஜை மேல வெச்சிருந்தேன். நீதான் குப்பைன்னு நெனச்சு கூடையில போட்டுட்டே. சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னு வாயே திறக்கலை. அவர்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டு வாங்கிட்டு, 'பழி என் மேலயே இருக்கட்டும் ஐயா. எனக்கு அவங்க நாலு நாள் பழக்கம், உங்களுக்கு ஆயுசு முழுக்க மருமகள்'னார்."